பழைய பாப்-அப் கேம்பரா, டென்டா, சின்ன ட்ரெய்லரா?

அமெரிக்காவில் இருக்கும் நம் குடும்பங்களில் இந்தக் கேள்வி பெரும்பாலும் ஜூலை மாத மழை ஒன்றுக்குப் பிறகுதான் எழும். டென்டுக்குள் தண்ணீர் வந்திருக்கும். ஏர் மெத்தை விடியற்காலையில் தரையோடு தரையாகப் படிந்திருக்கும். ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாவுக்கு முதுகு பிடித்திருக்கும். வீடு திரும்பும் வழியிலேயே யாராவது ஒருவர் ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸைத் திறந்து பாப்-அப் கேம்பர் தேட ஆரம்பித்துவிடுவார். 2,500 டாலருக்கு ஒன்று, 6,000-க்கு ஒன்று, 9,000-க்கு ஒன்று என்று வரிசையாக வரும். படத்தில் எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியும்.

பார்க்காதவர்களுக்காக: பாப்-அப் என்பது நெஞ்சு உயரத்துக்கு மடங்கி நிற்கும் ஒரு பெட்டி. காருக்குப் பின்னால் இழுத்துப் போய், இடத்தில் நிறுத்தி, வின்ச் கைப்பிடியைச் சுற்றினால் கூரை எழும்பும். முன்னும் பின்னும் இரண்டு கட்டில்களை வெளியே இழுத்தால் கான்வாஸ் விரிந்து சுவராகிவிடும். உள்ளே ஒரு மேசை, இரண்டு பர்னர் அடுப்பு, சின்ன ஃப்ரிட்ஜ், கேஸில் ஓடும் ஃபர்னஸ் (ஹீட்டர்). ஆறு பேர் படுக்கலாம் என்று விளம்பரத்தில் போட்டிருந்தால், நிம்மதியாகத் தூங்க நான்கு பேருக்கு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

எந்த வருட மாடல், எந்த பிராண்டு என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். நான் முதலில் கேட்பது தண்ணீரைப் பற்றி. இதுவரை இந்த வண்டிக்குள் தண்ணீர் எங்கே புகுந்திருக்கிறது? இனிமேல் நனைந்தால் நீங்கள் அதை எங்கே வைத்துக் காயப்போடுவீர்கள்? இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்துவிட்டால், வாங்கலாமா, எதை வாங்கலாம் என்பது பாதிக்கு மேல் தானாகவே தெளிந்துவிடும்.

முதலில் உங்கள் கார்

நம் ஆட்களிடம் அதிகம் பார்க்கும் வண்டிகள் சியன்னா, ஒடிஸி, ராவ்4, ஹைலேண்டர். சியன்னாவும் ஒடிஸியும் 3,500 பவுண்டு வரை இழுக்கும். ஹைலேண்டரில் பெட்ரோல் இன்ஜின் என்றால் 5,000 வரை போகும், ஹைப்ரிட் என்றால் 3,500-தான். சாதாரண பெட்ரோல் ராவ்4 பெரும்பாலும் 1,500 பவுண்டோடு நின்றுவிடும். அதாவது ராவ்4 வைத்திருப்பவருக்குப் பெரிய பாப்-அப் எதுவும் ஆகாது. மிகச் சிறிய எட்டடிப் பெட்டி கூட இழுபறிதான்.

சரி, சியன்னா இருக்கிறது, 2,500 பவுண்டு பாப்-அப் தாராளமாக வரும் என்று நினைப்பீர்கள். அவசரப்பட வேண்டாம். ஓட்டுநர் கதவைத் திறந்தால் பக்கவாட்டுச் சட்டத்தில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை பவுண்டுக்கு மேல் கூடாது என்று அதில் போட்டிருக்கும். ட்ரெய்லரின் மூக்கு ஹிட்ச் (காரின் பின்னால் ட்ரெய்லரை மாட்டும் கொக்கி) மேல் அழுத்தும் எடையும் அந்தக் கணக்கில்தான் சேரும். அது ட்ரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நெடுஞ்சாலையில் பின்பக்கம் ஆட ஆரம்பிக்கும். ஆறு பேர், அரிசி மூட்டை, கூலர், இரண்டு சைக்கிள், ஹிட்சில் 280 பவுண்டு என்று கூட்டிப் பாருங்கள். இழுக்கும் திறன் மிச்சமிருக்கும், சுமக்கும் திறன் தீர்ந்துபோயிருக்கும். இந்தக் கணக்கைப் போடாமல் ஹிட்ச் மாட்டுகிறவர்கள்தான் அதிகம்.

விற்பவர் சொல்லும் எடை காலிப் பெட்டியின் எடை. பாட்டரி, நிரம்பிய கேஸ் சிலிண்டர், கூரை மேல் இருக்கும் ஏசி, நிழல்துணி எதுவும் பெரும்பாலும் அதில் அடங்காது. 20 காலன் தண்ணீர் டாங்கை நிரப்பினால் அதுவே 165 பவுண்டுக்கு மேல். அதனால் ட்ரெய்லர் மேல் ஒட்டியிருக்கும் தகட்டில் உள்ள அதிகபட்ச எடையை வைத்தே கணக்குப் போடுங்கள். பிரேக் விஷயமும் இங்கேதான் வருகிறது. பல மாநிலங்களில் 3,000 பவுண்டைத் தாண்டினால் ட்ரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயம், கலிஃபோர்னியாவில் 1,500-லேயே கேட்பார்கள். எலெக்ட்ரிக் பிரேக் என்றால் காருக்குள் கன்ட்ரோலரும் ஏழு பின் வயரிங்கும் போட வேண்டும். சட்டம் கேட்காவிட்டாலும் மலைப்பாதையில் 2,000 பவுண்டுக்கு மேல் இழுப்பவர் பிரேக் இல்லாமல் போவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

திங்கட்கிழமை எங்கே விரிப்பீர்கள்?

ஞாயிற்றுக்கிழமை காலை மழை பெய்கிறது, பதினொரு மணிக்கு சைட்டைக் காலி செய்ய வேண்டும். ஈரக் கான்வாஸை அப்படியே மடக்கிக் கூரையை இறக்குகிறீர்கள். இது கேம்பிங்கில் சர்வசாதாரணம், தவிர்க்கவும் முடியாது. அதை ஓரிரு நாளுக்குள் மறுபடி விரித்துக் காயவைத்தாக வேண்டும். தவறினால் மழையில் நனைந்து மூட்டை கட்டிய ஜமுக்காளம் மாதிரி ஒரு வாடை பிடித்துக்கொள்ளும். கரும்புள்ளிகள் வந்துவிட்டால் எத்தனை முறை தேய்த்தாலும் முழுசாகப் போகாது.

டிரைவ்வே நீளமாக இருக்கிற தனி வீடு என்றால் பிரச்சினை இல்லை. டவுன்ஹவுஸ், கூடவே ஹெச்ஓஏ (வீட்டு உரிமையாளர் சங்கம்) என்றால் ட்ரெய்லரை வெளியே நிறுத்துவதையே பல இடங்களில் அனுமதிப்பதில்லை. காயவைக்க ஒருநாள் கூட விரிக்க முடியாது. வெளியே ஸ்டோரேஜ் யார்டில் மாத வாடகைக்கு விடலாம், ஆனால் வேலைநாள் மாலையில் அங்கே போய்க் கூரையை ஏற்றி, கட்டில் இழுத்து, காயும்வரை காத்திருக்கிறவரை நான் இன்னும் பார்க்கவில்லை. அப்படிப்பட்டவர்களுக்கு பாப்-அப் சரிப்படாது. எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் சரிப்படாது.

ஒரு நல்ல செய்தி. வழக்கமான கராஜ் கதவின் உயரம் ஏழடி. ஏசி இல்லாத பாப்-அப் மடக்கிய நிலையில் பெரும்பாலும் ஐந்தடிக்குள் அடங்கிவிடும். எட்டடி, பத்தடிப் பெட்டி என்றால் ஹிட்ச் நீட்சியும் சேர்த்து அளந்து பார்த்துவிட்டு கராஜுக்குள் தள்ளிவிடலாம். மழையும் பனியும் வெயிலும் படாமல் கராஜில் வளர்ந்த பதினைந்து வருட பாப்-அப், வெளியே நின்ற ஆறு வருட பாப்-அப்பை விட நன்றாக இருக்கும். விளம்பரத்தில் வருடத்தைப் பார்ப்பதற்கு முன் இதைக் கேளுங்கள்.

மற்ற வழிகள்

ஏ-ஃப்ரேம் என்பது இரண்டு கடினப் பலகைகள் முக்கோணமாக நிமிர்ந்து நிற்கும் வகை. பென்சில்வேனியாவின் மவுன்ட் பிளசன்டில் தயாராகும் ஏலைனர் இதில் பிரபலமான பெயர். கான்வாஸ் இல்லாததால் காயப்போடும் வேலை இல்லை. நிறுத்தி நிமிர்த்தச் சில நிமிடம் போதும், எடையும் பெரும்பாலானவற்றில் 2,000 பவுண்டை ஒட்டித்தான். கரடி நடமாட்டம் உள்ள இடங்களில் இதற்கு இன்னொரு மதிப்பு உண்டு. யெல்லோஸ்டோனின் ஃபிஷிங் பிரிட்ஜ் கேம்ப்கிரவுண்டில் டென்டுக்கும் துணிச்சுவர் ட்ரெய்லருக்கும் இடம் கிடையாது, கடினச் சுவர் வண்டிகள் மட்டும்தான். ஆனால் ஏ-ஃப்ரேமுக்குள் நடுவில் மட்டுமே நிமிர்ந்து நிற்க முடியும். இரண்டு பேருக்கு அருமை, ஒரு குழந்தையோடு சமாளிக்கலாம், தாத்தா பாட்டியோடு முடியாது. பழையதே பாப்-அப்பைப் போல ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு விலை சொல்வார்கள்.

சின்ன டிராவல் ட்ரெய்லர் முழுச் சுவரும் கழிவறையும் கொண்டது. குழந்தைக்கு நடுராத்திரியில் பாத்ரூம் வந்தால் டார்ச் எடுத்துக்கொண்டு நடக்க வேண்டியதில்லை. அதுவே பலருக்குப் போதுமான காரணம். ஆனால் உயரமான அந்த முன்முகம் காற்றைத் தள்ளிக்கொண்டே வரும். எடை 3,000 பவுண்டுதான் என்றாலும் மினிவேனின் இன்ஜின் மூச்சுவாங்கும், மைலேஜும் நன்றாகவே குறையும். பாப்-அப் கார் நிழலுக்குள்ளேயே ஒளிந்து வருவதால் இந்தத் தொல்லை குறைவு, பின்கண்ணாடியில் அதற்கு மேலாகச் சாலையையும் பார்க்கலாம். மரச்சட்டம் போட்ட பழைய டிராவல் ட்ரெய்லரில் தண்ணீர் சுவருக்குள் புகுந்து மறைந்துகொள்ளும். பாப்-அப்பில் சுவரே துணி என்பதால் ஒளிய இடம் குறைவு. ஸ்காம்ப், கசீட்டா மாதிரி ஃபைபர்கிளாஸ் ஓட்டு ட்ரெய்லர்களில் மூட்டுகள் குறைவு, ஒழுகும் இடமும் குறைவு. அதனால்தான் இருபது வருடப் பழசுக்கும் விலை இறங்குவதில்லை.

வாடகைக்கு எடுப்பதும் ஒரு வழி. அவுட்டோர்ஸி, ஆர்விஷேர் தளங்களில் தனிநபர்களே தங்கள் வண்டியை விடுகிறார்கள், சிலர் கேம்ப்கிரவுண்டிலேயே கொண்டுவந்து விரித்தும் தருவார்கள். வருடத்துக்கு இரண்டு வார இறுதிகள்தான் போவீர்கள் என்றால் இதற்கு மேல் யோசிக்கவே வேண்டாம். வாங்கத்தான் போகிறீர்கள் என்றாலும், அதே அளவு பாப்-அப்பை ஒருமுறை வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். ஒருவர் இரவில் புரண்டால் மொத்தப் பெட்டியும் ஆடும் என்பதெல்லாம் படுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

டென்டிலேயே இருந்துவிடுவது? நல்ல பெரிய டென்ட், மடக்குக் கட்டில், தரமான மெத்தை எல்லாம் சேர்த்து ஆயிரம் டாலருக்குள் முடிந்துவிடும். குழந்தைகள் பெரியவர்களாகி, பெற்றோரும் கூட வராத குடும்பம் என்றால் எனக்கு இதுவே சரியாகப் படுகிறது. குளிர்தான் பாப்-அப் பக்கம் தராசைச் சாய்க்கும். பென்சில்வேனியாவின் செர்ரி ஸ்பிரிங்ஸில் நட்சத்திரம் பார்க்க அக்டோபரில் போகிறவருக்கு ஃபர்னஸின் அருமை தெரியும்.

2,500 டாலர் கோல்மனா, 6,000 டாலர் ராக்வுட்டா?

பாப்-அப்தான் என்று முடிவானால் அடுத்த குழப்பம் இந்த இரண்டு பிராண்டுகளுக்கு நடுவில். மலிவு வரிசையில் 1990-களின் பிற்பகுதி, 2000-களின் தொடக்கத்து கோல்மன் நிறைய வரும். அவை பென்சில்வேனியாவின் சாமர்செட்டில் ஃப்ளீட்வுட் கம்பெனி செய்தவை. உறுதியான அடிச்சட்டம், நல்ல தூக்கு அமைப்பு, இன்றும் பாகங்கள் கிடைக்கின்றன. ஆனால் அந்தக் காலத்து மாடல்கள் பலவற்றில் கூரை ஒரே வார்ப்பான ஏபிஎஸ் பிளாஸ்டிக். வெயில் பட்டுப் பட்டு மூலைகளிலும் ஏசி துளையைச் சுற்றியும் மயிரிழை விரிசல் விடும். சரியாகச் சுத்தம் செய்து, விரிசலை ஒட்டி, மேலே தடிமனான பூச்சு அடித்தவர் வைத்திருந்தால் பயப்படத் தேவையில்லை. சிலிகான் பிதுக்கி மூடியிருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் நகர்ந்துவிடுங்கள். பின்னாட்களில் அதே கோல்மன் பெயரில் வேறு கம்பெனி செய்தவையும் சந்தையில் உண்டு. பெயரை மட்டும் பார்த்து இரண்டையும் ஒன்றாக்கிவிடக் கூடாது.

2010-ஐ ஒட்டிய ராக்வுட், ஃபிளாக்ஸ்டாஃப், ஜேகோ பாப்-அப்களில் கூரை வேறு மாதிரி. மரச்சட்டமும் ஃபோமும் வைத்து மேலே தகடோ ரப்பரோ போர்த்தியவை நிறைய. விரிசல் விடாது, ஓரத்துச் சீலன்ட் (மூட்டை அடைக்கும் பசை) காய்ந்தால் தண்ணீர் உள்ளே இறங்கி மரத்தைத் தின்னும். வெளியே ஒன்றும் தெரியாது. ராக்வுட்டும் ஃபிளாக்ஸ்டாஃபும் ஒரே கம்பெனி செய்த இரட்டைப் பிள்ளைகள். ஒன்றுக்கு இன்னொன்றை விட அதிகம் கொடுக்கக் காரணம் இல்லை.

என் கணிப்பில், கூரை நன்றாக இருக்கும் பழைய கோல்மன், கூரை சந்தேகமாக இருக்கும் புது ராக்வுட்டை விட நல்ல வியாபாரம். கான்வாஸ் மாற்ற ஆயிரம் டாலருக்கு மேல் ஆகும், ஆனாலும் அது தைத்து வரும் பொருள், மாட்டினால் முடிந்தது. கூரை அழுகினால் அந்த வண்டியின் மதிப்பு அதோடு முடிந்தது. தரை அழுகுவதும் கிட்டத்தட்ட அதே கதை.

நேரில் பார்க்கும்போது

விளம்பரத்தில் கூரை இறக்கிய படம் மட்டும் இருந்தால், முழுசாக விரித்த படம் அனுப்பச் சொல்லுங்கள். போகும் முன்னரே இரண்டு விஷயம் சொல்லிவையுங்கள்: ஃப்ரிட்ஜை முந்தைய நாள் மாலையே போட்டுவைக்க வேண்டும், அது குளிரப் பல மணி நேரம் ஆகும். அப்புறம், பாட்டரியும் கேஸும் இணைத்திருக்க வேண்டும். "போன வருஷம் நல்லா ஓடிச்சு" என்பதை ஃபர்னஸ் ஓடும் சத்தமாக எடுத்துக்கொள்ள முடியாது.

வின்ச் கைப்பிடியை விற்பவரிடம் விடாமல் நீங்களே சுற்றுங்கள். நான்கு மூலையும் ஒரே அளவில் எழும்ப வேண்டும். ஒரு மூலை பின்தங்கினாலோ, இடையில் டக்கென்று ஒரு சத்தத்தோடு தாழ்ந்தாலோ உள்ளே கேபிள் நைந்திருக்கலாம். கூரை ஏறியதும் உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டு ஜன்னல் மடல்களையும் மூடுங்கள். வெளியே நல்ல வெயிலாக இருந்தால் கான்வாஸில் உள்ள ஒவ்வொரு ஊசித்துளையும் ஒளிப்புள்ளியாகத் தெரியும். மடிப்பு விழும் கோடுகளிலும் மூலைத் தையலிலும் அதிகம் பாருங்கள். எலி கடித்திருந்தால் ஓட்டையின் ஓரம் பிசிறாக இருக்கும். அப்படி ஒன்று கண்ணில் பட்டால் ஃபர்னஸ் மூடியையும் கழற்றிப் பாருங்கள், கூடு அங்கேதான் இருக்கும்.

அடுத்து கூரை ஓரம். உள்பக்கம் கட்டைவிரலால் ஓரத்தைச் சுற்றி அழுத்திக்கொண்டே வாருங்கள். பலகை கெட்டியாக எதிர்க்க வேண்டும், ரொட்டி மாதிரி அமுங்கக் கூடாது. ஓரத் தகட்டில் இருக்கும் திருகுகளில் ஒன்றிரண்டை ஸ்க்ரூடிரைவரால் திருப்பிப் பாருங்கள். பிடிப்பே இல்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தால் பின்னால் மரம் மக்கிவிட்டது. ஏசி வைத்த கூரையின் நடுப்பகுதி தொய்ந்திருக்கிறதா என்று குனிந்து நேர்கோட்டில் பாருங்கள். தரையைக் கையால் தட்டினால் போதாது, முழங்காலை ஊன்றிப் பாருங்கள். கதவுக்கு உள்பக்கம், நான்கு மூலை, சிங்க்குக்குக் கீழ் எல்லாம் பார்க்க வேண்டும். புதிதாகத் தரை விரிப்பு ஒட்டியிருந்தால் எனக்குச் சந்தோஷத்தை விடச் சந்தேகம்தான் முதலில் வரும். மூடிய வண்டியைத் திறந்த முதல் நிமிடத்தில் வரும் வாடையும் ஒரு சாட்சி. வாசனைத் திரவியம் தூக்கலாக அடித்திருந்தால் அதையும் கணக்கில் வையுங்கள்.

டயரின் பட்டன் ஆழமாக இருக்கிறது என்று விற்பவர் காட்டுவார். பாப்-அப் டயர் தேய்ந்து சாவதில்லை, வயதாகித்தான் வெடிக்கும். பக்கவாட்டில் டிஓடி என்று தொடங்கும் எண்ணின் கடைசி நான்கு இலக்கம் 2316 என்றால், 2016-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. ஐந்தாறு வருடம் தாண்டியிருந்தால் இரண்டு புது டயர், ஒரு ஸ்டெப்னி விலையைக் கேட்கும் தொகையிலிருந்து கழித்துப் பேசுங்கள். இந்தச் சின்னச் சக்கரங்கள் கார் சக்கரத்தை விட வேகமாகச் சுற்றுகின்றன, பேரிங் கிரீஸ் கடைசியாக எப்போது போட்டது என்பதற்குத் தெளிவான பதில் வராவிட்டால் அதையும் கழியுங்கள்.

உள்ளே இருக்கும் அடுப்பைப் பற்றி ஒரு வார்த்தை. அது காபி போடவும் பால் காய்ச்சவும் மட்டும். கடுகு தாளித்தால் அந்த வாடை கான்வாஸில் அடுத்த வருடம் வரை இருக்கும், வாங்க வருபவரும் முகர்ந்து கண்டுபிடித்துவிடுவார். தோசைக்கல்லையும் மீன் வறுவலையும் வெளி அடுப்பில் வைத்துக்கொள்ளுங்கள். கரடி இருக்கும் ஊரில் இது வாடைப் பிரச்சினையாக மட்டும் இருக்காது, கரடியையும் இழுத்துவரும்.

வாங்கும் காலம் செப்டம்பர் கடைசி, அக்டோபர். பனிக்காலத்துக்கு முன் டிரைவ்வேயைக் காலி செய்ய நினைப்பவர்கள் அப்போதுதான் இறங்கி வருவார்கள், ஏப்ரலில் யாரும் இறங்க மாட்டார்கள். ட்ரெய்லர் எண்ணும் டைட்டிலில் (உரிமைப் பத்திரத்தில்) உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று பார்த்த பிறகே பணம் கொடுங்கள். சில மாநிலங்களில் எடை குறைந்த ட்ரெய்லருக்கு டைட்டில் கிடையாது, அங்கே கையெழுத்திட்ட விற்பனைச் சீட்டும் பழைய பதிவும் வேண்டும். உங்கள் மாநிலம் அதை ஏற்குமா என்று முன்பே விசாரித்துவிடுங்கள். காரின் இன்ஷூரன்ஸ் பெரும்பாலும் ட்ரெய்லர் அடுத்தவருக்குச் செய்யும் சேதத்தை ஏற்கும், ட்ரெய்லருக்கே வரும் சேதத்துக்குத் தனியாக எடுக்க வேண்டியிருக்கும்.

வீட்டுக்கு இழுத்து வரும்போது முதல் 15, 20 மைலில் ஓரமாக நிறுத்தி, சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் சரி. கை வைக்க முடியாத சூடு என்றால் பேரிங் தீய்கிறது என்று அர்த்தம், அங்கிருந்து ஒரு மைல் கூட இழுக்காமல் டோ வண்டியைக் கூப்பிடுங்கள்.